மடிக்காத ஏழாம் பாரம்

என் மேஜையில் மடிக்காமல் கவிழ்த்து வைக்கப்பட்ட பாரம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பைண்டிங் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்பிள்ளைகளும், புத்தகம் போடுகிறேன் என்று கிளம்பியிருக்கிற பிள்ளைகளும் படிக்கட்டும். மற்றவர்கள் படித்தாலும் தப்பில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் என்னைப் போல் பாரம் மடித்த கை கிடையாது. ஐந்தாவது வரை படித்தேன், அதற்கு மேல் அப்பா அனுப்பவில்லை. பாண்டிச்சேரி டவுனில் ஒரு அச்சகத்தில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். மடிப்பிலிருந்து தையல், தையலிலிருந்து பசை. கட்டிங் மெஷின் ஆம்பளைங்கதான் ஓட்டணும் என்றார்கள். ஓட்டிக் காட்டினேன். பிறகு மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஷெட் போட்டேன். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட நோட்டு, கோயில் ரசீது புத்தகம், எங்கள் கிறிஸ்தவப் பங்குக் கோயில் பாட்டுப் புத்தகம் எல்லாம் நான் கட்டியது. அடுத்தவன் போடும் புத்தகத்துக்கே எத்தனை காலம் முதுகு ஒட்டுவது என்று தோன்றியபோது நானே குடும்ப நாவல் போட ஆரம்பித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் பதிப்பாளர் ஆனது இந்த ஊரில் நான் ஒருத்திதான். இருந்தால் வந்து சொல்லட்டும்.

பாரம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய தாளில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதை மடித்தால் ஒரு பாரம். பாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகில் பசை போட்டு, அட்டை ஒட்டி, மூன்று பக்கம் வெட்டினால் புத்தகம்.

என் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. மடிப்பு மேஜையில் ஒருத்தி மடிக்க மாட்டாள். அவள் படிப்பாள். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. கதை கேட்டுக்கொண்டே மடித்தால் வேலை ஓடும். படிக்கிறவள் பிலோமினா. கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள், வெண்கலக் குரல். மடிக்கிறவர்களில் மூத்தவள் குப்பு. இவர்கள் கையைப் பார்த்தே ஒரு நாவல் ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுவேன். கை மெதுவானால் கதை பிடிக்கிறது. கை நின்றுபோனால் கதை அள்ளிவிட்டது. கை வேகமாக ஓடினால், அந்த இடம் அவர்களுக்கு ஆகவில்லை, எப்போது முடியும் என்று பார்க்கிறார்கள். இந்தக் கணக்கை எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

1. அட்டைத் துண்டு கேட்டு வந்த டீச்சர்

சுகந்தி முதலில் வந்தது கதையோடு அல்ல. பாகூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர். சொந்த ஊர் சோரியாங்குப்பம். பள்ளிக்கூட நோட்டுகளை எடுத்துப்போக வந்த வேனில் கூடவே வந்து இறங்கினாள்.

"ஆன்ட்டி, வெட்டிப் போட்ட அட்டைத் துண்டு இருந்தா குடுக்கறீங்களா? வேஸ்ட்டுதானே."

"இன்னாத்துக்கு?"

"ஹாக்கி ஆடற பொண்ணுங்களுக்கு. சாக்ஸுக்குள்ள சொருகிக்கும்ங்க. பந்து பட்டா கால் எலும்பு வீங்கிப் போவுது."

"அதுக்குன்னு கடையில ஒண்ணும் விக்கறது இல்லியா?"

"ஷின் பேடுன்னு விக்கறான். ஸ்கூல்ல கேட்டா, மொதல்ல ரிசல்ட்ட காட்டுன்றாங்க."

சொல்லிவிட்டு பேண்ட்டை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். காலேஜ் டீமுக்கு கோல்கீப்பராக ஆடியவளாம். அதற்கு முன்பு பேட் இல்லாமல் ஆடிய காலத்துப் பள்ளம் பள்ளமான தழும்புகள் இரண்டு காலிலும் இருந்தன. மில்போர்டு என்கிற கெட்டி அட்டைத் துண்டுகளைக் கட்டிக் கொடுத்தேன். அட்டை விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கிறவள் இல்லை.

அவள் அட்டைக் கட்டை வாங்கிக்கொண்டு நிற்கும்போது பிலோமினா ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஹீரோ கோபத்தில் ஹீரோயினை அறைகிறான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இவன் உரிமையோடு அடிக்கிறானே என்று உருகுகிறாள். சுகந்தி சிரித்துவிட்டாள்.

"இன்னா டீச்சர் சிரிப்பு?" என்றேன். என் சரக்கைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு ஆகாது.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. அறைஞ்சா கன்னம் எரியும். காதல் எப்டி வரும்?"

குப்பு தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வாத்தியாரம்மா சொல்றது நெசந்தான். எனக்கு எத்தினியோ வருசம் எரிஞ்சுது. ஒரு எழவும் வர்ல."

மேஜையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

"இவ்ளோ பேசறியே, நீ ஒண்ணு எழுதேன் பாக்கலாம்."

"எழுதி வெச்சிக்கீறேன் ஆன்ட்டி," என்றாள்.

2. கை நின்ற இடம்

அவள் வேறு பெயரில் போனில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன்; சுகந்தி என்ற பெயரும் அவள் ஊரும்கூட நான் மாற்றிச் சொல்வதுதான். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அடுத்த முறை வந்தபோது கதையைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கதை இதுதான். மதி என்று ஒருத்தி, பெண்கள் ஹாக்கி டீமில் கோல்கீப்பர். அருள் என்று ஒருத்தன், ஆண்கள் டீமில் ஃபுல்பேக். இரண்டு பேரும் விவரம் தெரிந்த வயது, சம்பாதிக்கிறவர்கள். ஆள் எடுக்கிற அதிகாரி ஒருத்தன் மதியிடம், லாட்ஜுக்கு வந்து பார்த்தால் டீமில் பெயர் வரும் என்கிறான். அவள் போகவில்லை. கேப்டனிடம் சொல்கிறாள். கேப்டன் டீமையே கூட்டிக்கொண்டு போய் அவன் எதிரில் நிறுத்துகிறாள். அந்த இடத்தில் என் மேஜையில் கை மெதுவானது. நான் கவனித்தேன்.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. மேட்ச் முடிந்து, உடம்பெல்லாம் பந்து பட்ட கன்றலோடு மதி அருளின் அறைக்குத் தானாகப் போகிறாள். அவன் ஐஸ் வைக்கிறான். தோளில், விலாவில், தொடையில். ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் கேட்கிறான். "கை வைக்கட்டா?" அவள் "வெய்" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்காத இடத்தையும் அவளே சொல்கிறாள். அதற்கு மேல் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. வேண்டுமென்றால் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். சூடான எழுத்து. அதை மறைக்கிற ஆள் நான் இல்லை.

பிலோமினா நடுவில் நிறுத்திவிட்டாள்.

"ஏன்டி நிறுத்திட்ட?" என்றாள் குப்பு.

"தொண்ட காஞ்சிடுச்சு."

"தண்ணி குடிச்சிட்டுப் படி. அவன் ஐஸ வெச்சிகினு நிக்கறான் பாரு பாவம்."

நான் மேஜையைப் பார்த்தேன். மடிப்பைத் தேய்க்கிற மூங்கில் பட்டைகள் அத்தனையும் அசையாமல் இருந்தன. ஒரு கைகூட ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அத்தியாயம் முடிந்ததும் பிலோமினா தாளைக் கீழே வைத்துவிட்டு, "அவன் கேக்கறான் பாருங்கக்கா. ஒவ்வொரு தடவையும் கேக்கறான்," என்றாள்.

"கேக்கற ஆம்பளைய நான் கதையிலதான் பாக்கணும்னு எழுதிக் கீது," என்றாள் குப்பு.

அன்றைக்கே போடுவது என்று முடிவு செய்தேன். சுகந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆன்ட்டி, என் பேரு கூட அட்டையில வராது. பரவால்ல. இந்த அத்தியாயம் மட்டும் நான் எழுதின மாரி வரணும். ஒரு வார்த்த மாத்தறதா இருந்தாலும் என்ன கேக்கணும்."

"இதுல இன்னாடி அவ்ளோ புடிவாதம்?"

அவள் போனை எடுத்து ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற வாசகி ஒருத்தி அனுப்பியது. "அக்கா, கதைங்கள்ல வர்ற மாரிதான் எங்க வூட்டுக்காரரும் நான் வேணாம்னு சொன்னா கதவ சாத்தறாரு. கதையில எல்லாருக்கும் அப்புறம் லவ்வு வந்துடுது. எனக்கு எப்ப வரும்?"

பிலோமினா போனை வாங்கி அதை இன்னொரு தடவை படித்தாள்.

"இவங்களுக்குப் பதில்னுதான் ஆன்ட்டி அந்த அத்தியாயத்த எழுதினேன்," என்றாள் சுகந்தி.

மேஜைமேல் கையை வைத்து வாக்குக் கொடுத்தேன். ஒரு எழுத்து மாறாது என்றேன். என் வாக்கு என்ன எடை என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

3. சுப்பராயலு அண்ணனின் திருத்தம்

நான் போடும் நாவல்களில் முக்கால்வாசியை எடுக்கிறவர் சுப்பராயலு. மார்க்கெட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். கடலூர், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு கடைகளுக்கும் வாடகை நூலகங்களுக்கும் அவர் வண்டிதான் போகும். நான் முதல் நாவல் போட்டபோது யாரும் தொடவில்லை. அவர்தான் எடுத்தார். அதை நான் மறக்கவில்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன்.

அச்சுக்குப் போகும் முன் அவர் புரட்டிப் பார்ப்பது வழக்கம். சுகந்தியின் தாள்களைப் புரட்டினார். சரியாக அந்த அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"மேரிம்மா, இது அசிங்கமா கீது. எடுத்துடு."

"எதுண்ணா அசிங்கம்?"

"பொம்பள வாயத் தொறந்து வேணும்ன்றாளே. குடும்பப் பொண்ணு அப்டிச் சொல்வாளா?"

"சரி. அத்த எடுத்துட்டு அங்க இன்னா வெக்கறது?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் முன்பே யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஹீரோ கெத்தா இருக்கணும்மா. ஐஸ் வெக்கறானாம், பர்மிஷன் கேக்கறானாம். இவன் இன்னா கம்பவுண்டரா? அவ முடியாதுன்றா. இவன் கதவ சாத்தறான். அவ அழுவறா. காலையில தாலி எடுத்துகினு வர்றான். அவ மனசு மாறிடுது. இப்டி வெய்யி, சரக்கு பறக்கும்."

"அது அசிங்கம் இல்லியாண்ணா?"

"அது வேகம்மா. அதான் காதல்."

அவள் வேண்டும் என்று சொன்னால் அசிங்கம். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கதவைச் சாத்தினால் காதல். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு விடை வரவில்லை.

"எழுதினவளுக்கு வாக்குக் குடுத்துட்டேண்ணா. ஒரு வார்த்த மாறாது."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும். டீ ஆறுது, குடி."

குடித்தார். சிரித்தார். போய்விட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். புத்தகத்துக்குப் பக்கம் அமைக்கிற டி.டி.பி. கடை அவர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. உட்கார்ந்து அமைக்கிற சங்கர் அவருடைய அக்கா மகன். அங்கே அமைத்த பக்கங்கள் நேராக ஆஃப்செட் அச்சகத்துக்குப் போகும். அச்சான தாள்கள் என் ஷெட்டுக்கு வரும். நடுவில் எதுவும் என் கைக்கு வராது. இத்தனை வருஷமும் அப்படியே நல்லபடியாக நடந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

4. கவிழ்த்து வைத்தார்கள்

தாள்கள் வந்திறங்கின. முதல் ஆறு பாரம் ஒழுங்காக மடிந்தது. ஏழாவது பாரத்தைப் பிலோமினா எடுத்தாள். ஐஸ் வைக்கிற அத்தியாயம் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஊர் வேலைக்குப் போயிருந்தவள்கூட அன்றைக்கு மேஜைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் கட்டிங் மெஷினில் இருந்தேன். முதலில் எனக்குக் கேட்டது கதை அல்ல. மேஜையின் சத்தம். மூங்கில் பட்டைகள் சரக் சரக் என்று ஓடின. அந்த அத்தியாயத்துக்கு அந்த வேகம் வரக்கூடாது. மெஷினை நிறுத்தினேன்.

பிலோமினாவின் குரல் வெண்கலம் போய் ஓடு மாதிரி இருந்தது. கதவு சாத்தப்பட்டது என்று படித்தாள். மதி கையை எடுத்துக் கும்பிட்டாள் என்று படித்தாள். ஹாக்கி கோல்கீப்பர், மணிக்கு எத்தனையோ மைல் வேகத்தில் வருகிற பந்துக்கு முன்னால் நிற்கிறவள், அங்கே கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

குப்பு பட்டையைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, இது வேற கதையா? அன்னிக்கு வேற மாரி இருந்துச்சே."

"இதான் போட்டுக் கீது."

"நான் மடிக்கல."

அவள் தன் முன்னால் இருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் கவிழ்த்தாள். மேஜை முழுக்க வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது போல இருந்தது. பின்பக்கமும் அச்சுதான், ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

நான் ஒரு தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் ஒரு தொல்லை உண்டு. நன்றாகப் படிக்கிறவர்கள் ஒரு கெட்ட இடத்தைத் தாண்டி ஓடிவிடலாம். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நின்று நின்றுதான் வரும். கடைசி வரை படித்தேன்.

சங்கருக்குப் போன் போட்டேன். "மாமாதான் எழுதிக் குடுத்தாரும்மா. நீங்க சொல்லிட்டதா சொன்னாரு," என்றான். அவனைத் திட்டவில்லை. அவன் மாமாவை வரச் சொன்னேன்.

சுப்பராயலு வந்தார். கவிழ்ந்து கிடந்த தாள்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். மறுக்கவும் இல்லை.

"அச்சாயி வந்துட்டுது மேரிம்மா. திருப்பி அடிச்சா பேப்பரு, பிளேட்டு எல்லாம் தண்டம். வித்துப் பாரு, அப்புறம் எனக்கு நீயே மால போடுவ."

"எழுதினவளுக்கு நான் குடுத்த வாக்கு?"

"அட, கதைதானம்மா."

குப்பு திரும்பினாள். அவள் முதலாளிகளோடு பேசுகிறவள் அல்ல.

"கதைதானங்க. அவ எழுதினதும் கதைதான. அத்தயே வுட்டிருக்கலாமே, ஏன் மாத்தினீங்க?"

அவருக்குக் கோபம் வந்தது.

"கூலிக்கு மடிக்கறவளுக்குக் கதையில இன்னா பேச்சு?"

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"அவ மடிச்சாதாண்ணா அது புக்கு. மடிக்காத வரைக்கும் வெறும் பேப்பரு. ஏழாம் பாரம் இல்லாம எட்டாம் பாரத்த ஒட்டித் தரவா? எடுத்துகினு போறியா?"

"நான் எடுக்கலன்னா இத்த எவன் எடுப்பான்? யோசிச்சிக்கோ. உங்க கோயில் சாமியாருக்கும் தெரியட்டும், ஜெபமால உருட்டற கையால நீ இன்னா வேல பாக்கறன்னு."

"சொல்லு. வழி தெரியலன்னா பிலோமினா கூட வந்து காட்டுவா."

"நான் வரேங்க. நேரா கோயிலுக்குப் போயி, ரைட்ல திரும்பணும்," என்றாள் பிலோமினா.

அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு என் ஷெட்டுக்கு வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

சுகந்திக்குச் சொல்லி அனுப்பினேன். ஓடி வந்தாள். கவிழ்ந்திருந்த தாளில் ஒன்றைத் திருப்பிப் படித்தாள். பாதியில் வைத்துவிட்டாள்.

"எத்தன வெளிய போச்சு ஆன்ட்டி?"

"ஒண்ணு கூட போகல. மேஜைய தாண்டல."

அவள் குப்புவைப் பார்த்தாள். குப்பு, "உக்காரு வாத்தியாரம்மா, டீ சொல்லிக் கீது," என்றாள். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

5. சாமி வந்தார்

சுப்பராயலு சொன்னதைச் செய்தார். நாலைந்து நாளில் எங்கள் பங்குச் சாமியார் ஷெட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். பாட்டுப் புத்தகத்துக்கு முன்பணம் கொடுக்காமலே வேலை வாங்கிவிடுவார், அவ்வளவு நைச்சியமாகப் பேசுவார். பேப்பர் ரீம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"மேரி, ஏதோ புத்தகம் போடறியாம்."

"ஆமா சாமி. ஹாக்கிக் கதை."

"ஹாக்கின்னு மட்டும் சொல்லலியே என்கிட்ட."

"ஹாக்கியும் கீது, மத்ததும் கீது. ரெண்டும் நல்லாவே கீது."

பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு மடித்தார்கள். எல்லாக் காதும் இந்தப் பக்கம் இருந்தது.

"அந்த மாதிரி விஷயமெல்லாம் நாலு சுவத்துக்குள்ள நடக்க வேண்டியது. கடையில விக்கலாமா?"

எனக்குப் பைபிள் வசனம் எடுத்துப் பேச வராது. ஆனால் அவர் வாயால் கேட்டது ஞாபகம் இருந்தது. என் மகள் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டது.

"சாமி, தாலி கட்டறதுக்கு முன்ன நீங்க ஒண்ணு கேப்பீங்களே. யாரும் கட்டாயப்படுத்தாம, முழு மனசோட வந்திருக்கீங்களான்னு."

"ஆமா, கேக்கணும். கேக்காம கல்யாணம் செல்லாது."

"பொண்ணு கிட்டயும் கேப்பீங்களே?"

"ரெண்டு பேர் கிட்டயும்."

"அவ வாயத் தொறந்து சொல்லணுமா, இல்ல தலைய குனிஞ்சிகினா போதுமா?"

"சத்தமா சொல்லணும். எனக்குக் கேக்கணும்."

"அத்ததான் சாமி அந்தப் பையன் கேக்கறான். அவளும் சத்தமாதான் சொல்றா. எவ்ளோ சனம் சுத்தி நிக்க நீங்க கேக்கறத, அவன் தனியா இருக்கப்பவும் கேக்கறான். இத்த எடுத்துட்டு, கேக்காம கதவ சாத்தறத வெக்கச் சொன்னாரு உங்க கிட்ட வந்து சொன்ன ஆளு. அத்தச் சொன்னாரா?"

சாமியார் உட்கார்ந்திருந்த ரீமின் ஓரத்தை விரலால் தட்டி நேராக்கினார்.

"அத சொல்லல," என்றார்.

நான் செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. காபி குடித்தார். எழுந்து போகும்போது, "புத்தகத்துல நம்ம கோயில் பேரு எங்கயும் வரலியே?" என்று மட்டும் கேட்டார்.

"வரல சாமி. வேணும்னா போடறேன்."

"வேணாம் மேரி," என்று வேகமாகப் போய்விட்டார்.

6. பைப்பில் சுற்றிய அட்டை

ஏழாம் பாரத்தைச் சுகந்தி எழுதியபடியே மறுபடி அச்சடித்தேன். இந்த முறை அமைத்த பக்கத்தைப் பிலோமினா படித்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்கு பிளேட் போட்டார்கள். இப்போது என் எல்லாப் புத்தகத்துக்கும் அதுதான் சட்டம்.

புத்தகம் பறந்து போனது என்று சொல்ல ஆசைதான். பொய் எதற்கு. பஸ் ஸ்டாண்டு கடைகள் தொடவில்லை. சுகந்தியின் போன் வாசகிகள் எழுதிக் கேட்டு வாங்கினார்கள். வில்லியனூரிலும் பாகூரிலும் சில வாடகை நூலகங்களுக்கு நானே பையில் தூக்கிப்போய்க் கொடுத்தேன். ஒரு நூலகத்து அம்மா, "உங்க புக்கு ஒரு எடத்துல தானாத் தொறந்துக்குது, அவ்ளோ பேரு அங்கயே நிக்கறாங்க," என்றாள். அலமாரியில் இன்னும் சில கட்டு இருக்கிறது. இருக்கட்டும். சுப்பராயலுவின் கடைக்குப் போய் நிற்க மாட்டேன்.

மீதி இருந்தது அந்தக் கெட்டுப்போன தாள்கள். பழைய பேப்பர்காரனுக்குப் போடலாம் என்றேன். குப்பு விடவில்லை.

"போண்டாக் கடைக்குப் போவும். எவனாவது எண்ணெயத் தொடச்சிகினே படிப்பான். வேணாம்க்கா."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதை என் மூளை என்றுதான் சொல்வேன், வேறு யாரும் பங்குக்கு வர வேண்டாம். முதல் நாள் சுகந்திக்குக் கொடுத்த மில்போர்டு வேர்வையில் ஊறி ஒரு மேட்ச்சிலேயே பிய்ந்துபோனதாகச் சொல்லியிருந்தாள். தட்டை அட்டை காலில் நிற்கவும் நிற்காது. மைதா பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டு, தாளின் மேல் தாளாக ஒட்டினோம். ஈரம் காயும் முன்பே பிளாஸ்டிக் தண்ணிக் குழாய்மேல் வளைத்துக் கட்டிக் காயவைத்தோம். காய்ந்ததும் முழங்காலுக்குக் கீழே பொருந்துகிற அளவுக்கு வெட்டி, மேலே ரெக்சின் ஒட்டி, ஓரம் மடக்கி, எலாஸ்டிக் தைத்தோம். கட்டையால் தட்டினால் மரம் மாதிரி சத்தம் வந்தது. புத்தகத்துக்கு அட்டை போடுகிறவளுக்கு ஒரு காலுக்கு அட்டை போடுவது பெரிய விஷயமா?

அந்த அத்தியாயம் முழுவதும், கதவு சாத்தினது, அவள் கும்பிட்டது எல்லாம், பசைக்குள் போய்விட்டது. யாரும் இனி பிரித்துப் படிக்க முடியாது. நான் ஒட்டினதை யாரும் பிரித்ததில்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாங்கிப் போகிறவன் என்ன கேட்கிறான் என்று ஊரே உங்களுக்குச் சொல்லித்தரும். உங்கள் மேஜையில் இருக்கிற கையை நீங்களேதான் பார்க்க வேண்டும். கை வேகமாக ஓடினால் வேலை நடக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். மெஷினை நிறுத்திவிட்டுப் போய், என்ன படிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம். எனக்கு எங்கே இருந்தது படிப்பு.

நாங்கள் செய்த பேடைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் மேட்ச் ஆடுகிறார்கள் என்று சுகந்தி கூப்பிட்டாள். ஷெட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் எல்லாரும் வேன் பிடித்துப் போனோம். பாகூர் ஏரிப் பக்கம், சரளைக் கல் மைதானம். பிலோமினா கோயிலில் பாடுவதைவிடச் சத்தமாகக் கத்தினாள். எதிர் டீம் பெண் ஒருத்தி ஓங்கி அடித்த பந்து நேராக வந்து எங்கள் பிள்ளை ஒருத்தியின் முழங்காலுக்குக் கீழே மோதியது. டொக் என்று எங்களுக்கே கேட்டது. நான் எழுந்துவிட்டேன். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பந்தை ஸ்டிக்கால் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

குப்பு என் முழங்கையை இடித்தாள்.

"இப்பதான்க்கா அந்தப் பாரம் ஒழுங்கா மடிஞ்சிக் கீது."